ஏரிக்குப் போவதை நிறுத்திய பெரியவர்களுக்கு



பழவேற்காட்டு ஏரிக்கரையில் கோட்டைக்குப்பம், நடுவூர் மாதாகுப்பம், அரங்கம்குப்பம், கூனங்குப்பம், லைட்ஹவுஸ் குப்பம் என்று எந்த ஊராக இருந்தாலும் சரி, வலையை மகன் கையில் கொடுத்துவிட்டு, மீன் கூடையை மருமகள் தலையில் ஏற்றிவிட்டு வீட்டோடு இருந்துவிட்டவர்களுக்கு இந்த மடல். இன்னும் படகேறுகிறவர்களுக்குச் சொல்ல வேண்டியது வேறு. உங்கள் கையில் பட்டையைச் சுற்றிப் பிரஷர் பார்த்துக் குறித்துக்கொண்டு போகிற செவிலிகளில் நானும் ஒருத்தி. பத்துப் பேர் வரிசையில் உட்கார்ந்திருக்கும்போது ஒருவரிடம் நின்று பேச நேரம் கிடைப்பதில்லை. அதனால் எழுதுகிறேன். படிக்கத் தெரிந்த பேரப்பிள்ளை யாராவது உங்களுக்கு இதைப் படித்துக் காட்டட்டும்.

"தினமும் கொஞ்சம் நடங்க" என்று நான் சொன்னால் எல்லாக் குப்பத்திலும் ஒரே பதில்தான் வருகிறது. "நாங்க பாக்காத வேலையா? பன்னெண்டு வயசுல கழி புடிச்ச கை இது. இந்த உடம்புக்கு இன்னாத்துக்கும்மா வாக்கிங்?" ஆயாக்கள் இன்னும் ஒரு படி மேலே போவார்கள். "விடியக்காலம் கூடையைத் தூக்குனா பொழுது சாயத்தான் எறக்குவேன். நடையைப் பத்தி எனக்கே சொல்றியா?"

அந்தப் பதிலில் பொய் இல்லை. இஞ்சின் வராத காலத்தில் கழி ஊன்றியும் பாய் விரித்தும் இந்த ஏரியைக் கடந்தவர்கள் நீங்கள். இடுப்பளவு தண்ணீரில் குனிந்து, சேற்றில் கையை விட்டுத் துழாவி இறால் பிடித்து, பறியைப் பல்லில் கடித்துக்கொண்டே நாள் முழுக்க ஏரிக்குள் இருந்த பெண்கள் உங்களில் இருக்கிறார்கள். அப்படி உழைத்தவர்களுக்கு உடற்பயிற்சி பற்றிச் சொல்ல வருகிறவளைப் பார்த்தால் எரிச்சல் வருவது நியாயம்தான். ஆனாலும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. கை கால் இழுத்துக்கொண்டு கட்டிலில் கிடப்பவர்களின் வீடுகளுக்கும் நான் போகிறேன். அவர்களும் ஒரு காலத்தில் கழி பிடித்தவர்கள்தான்.

உழைப்பு உடம்புக்குத் தருகிற நன்மை சேர்ந்து நிற்பதில்லை. போன வருஷம் பட்ட மீனை வைத்து இன்றைக்குக் குழம்பு கூட்ட முடியாது, அது போலத்தான் இதுவும். அசைவை நிறுத்திய சில வாரங்களிலேயே ரத்தக் குழாய்களுக்கும் இதயத்துக்கும் கிடைத்த பலன் கரையத் தொடங்கிவிடும். அறுபது வயது வரை ஏரியில் இருந்தவர் அறுபத்தொன்றில் திண்ணையில் உட்கார்ந்தால், அறுபத்திரண்டில் அவர் உடம்பு திண்ணைக்காரரின் உடம்பு. சாப்பாடு மட்டும் ஏரிக்குப் போன காலத்தில் இருந்த அதே சாப்பாடு. வியர்வையில் உப்பு போன காலம் முடிந்துவிட்டது, குழம்பில் போடும் உப்பு குறையவில்லை.

இரண்டாவது விஷயம் கொஞ்சம் கசப்பானது. தொழிலில் படுகிற பாடு எல்லாமே இதயத்துக்கு நல்லது என்றில்லை. 1953-ல் லண்டனில் ஜெர்ரி மோரிஸ் என்ற மருத்துவர் மாடி பஸ்களில் வேலை செய்தவர்களை ஆராய்ந்தார். நாள் முழுக்க உட்கார்ந்து ஓட்டிய டிரைவர்களைவிட, படியேறி இறங்கி டிக்கெட் கொடுத்த கண்டக்டர்களுக்கு மாரடைப்பு குறைவாக இருந்தது. உடம்பை அசைத்தால் இதயத்துக்கு நல்லது என்று இன்று உலகமே பேசுவதற்கு அந்த ஆய்வு ஒரு தொடக்கம். அதற்குப் பல பத்தாண்டுகள் கழித்து டென்மார்க்கில் ஆண்ட்ரியாஸ் ஹோல்டர்மன் என்பவரும் அவருடன் சேர்ந்தவர்களும் இன்னொன்றைக் கவனித்தார்கள். ஓய்வு நேரத்தில் நடப்பதும் ஓடுவதும் இதயத்தைக் காக்கிறது. ஆனால் பிழைப்புக்காக மணிக்கணக்கில் பாரம் தூக்குவதும், ஒரே நிலையில் இறுக்கிப் பிடித்து நிற்பதும், இளைப்பாற இடைவெளி இல்லாமல் உழைப்பதும் அந்தக் காவலைத் தருவதில்லை. சிலருக்குக் கெடுதலாகவும் முடிகிறது. பாரத்தை இழுக்கும்போது மூச்சை அடக்கிப் பல்லைக் கடிக்கிறோம், அந்த நொடியில் பிரஷர் கிடுகிடுவென்று ஏறுகிறது. ஒரு தடவை ஏறி இறங்கினால் பரவாயில்லை. இரவெல்லாம் வலையை இழுத்து, அரைத் தூக்கத்தோடு விடியலில் ஏலத்துக்கு ஓடுகிற உடம்புக்கு அது இறங்கவே நேரம் கிடைப்பதில்லை.

ஆகவே, உங்கள் உழைப்பு உங்களுக்குச் சோறு போட்டது, பிள்ளைகளைப் படிக்க வைத்தது, வீடு கட்டிக் கொடுத்தது. உங்கள் ரத்தக் குழாய்களுக்கு அது செய்யாமல் விட்டதை இப்போது நீங்கள் செய்துகொள்ள வேண்டியிருக்கிறது.

வலைக் கொட்டகையில் ஒரு பெரியவரைப் பார்த்தேன். கால் பெருவிரலில் வலைக் கண்ணை மாட்டி இழுத்துப் பிடித்துக்கொண்டு, வலை ஊசியால் கிழிசலைப் பின்னிக்கொண்டிருந்தார். விரல்கள் ஓடுகிற வேகத்துக்குக் கண்ணால் பின்தொடர முடியவில்லை. இடுப்புக்குக் கீழே ஓர் அசைவும் இல்லை. காலையில் கஞ்சி குடித்துவிட்டு உட்கார்ந்தவர், வெயில் உச்சிக்கு வரும் வரை எழுந்திருக்கவில்லை. அப்போது பட்டையைச் சுற்றிப் பார்த்தேன், மேல் எண் 168. வலையைக் கீழே வைக்கச் சொல்லி, சாய்ந்து உட்காரச் சொல்லி, காலைத் தரையில் ஊன்றவைத்து, ஐந்து நிமிஷம் பேசாமல் இருக்கச் சொன்னேன். மறுபடி பார்த்தபோது 152. முதல் எண் பொய், இரண்டாவதுதான் அவருடையது. அதுவும் அதிகம்தான்.

இதை எதற்குச் சொல்கிறேன் என்றால், வரிசையில் நின்று பேசிக்கொண்டே, டீயைக் குடித்த கையோடு, சிறுநீரை அடக்கிக்கொண்டு நீட்டுகிற கையில் சரியான எண் வராது. ஐந்து நிமிஷம் சாய்ந்து உட்காருங்கள். கை இதயத்தின் உயரத்துக்கு மேசை மேல் இருக்கட்டும். அவசரப்பட்டு யாராவது பட்டையைச் சட்டைக் கைக்கு மேலேயே சுற்றினால், கழற்றிவிட்டுச் சுற்றச் சொல்லுங்கள். நானாக இருந்தாலும் சொல்லுங்கள்.

140-க்கு 90 என்ற கோட்டைத் தொட்டாலோ தாண்டினாலோ அதை உயர் ரத்த அழுத்தம் என்கிறோம். 2020-ல் தமிழ்நாடு முழுக்க எடுத்த ஆய்வில் 18-லிருந்து 69 வயது வரை உள்ளவர்களில் மூன்றில் ஒருவருக்கு அது இருந்தது. அவர்களில் நூற்றுக்கு ஏழு பேருக்குத்தான் அது கட்டுக்குள் இருந்தது. அதற்கு அடுத்த ஆண்டு, 2021 ஆகஸ்டில், கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம்தான் இன்று உங்கள் வாசலுக்கு மாத்திரை கொண்டுவருகிறது. ஒரு நாள் ஏரியை விட்டுவிட்டு ஆஸ்பத்திரி வரிசையில் நின்றால் அன்றைய கூலி போச்சு என்று மாத்திரையை விட்டவர்கள் எத்தனையோ பேர். அந்தக் குறை இப்போது பெருமளவு தீர்ந்திருக்கிறது. மாத்திரை வாசலுக்கு வந்துவிட்டதால் வாசலைத் தாண்டும் வேலை இல்லை என்று மட்டும் இருந்துவிடாதீர்கள்.

வயதானால் பெரிய ரத்தக் குழாய்களின் சுவர் விறைத்துப் போகும். இதயம் ரத்தத்தைத் தள்ளும்போது அவை விரிந்துகொடுக்க மாட்டா. அதனால்தான் உங்களில் பலருக்கு மேல் எண் ஏறியும் கீழ் எண் சாதாரணமாகவும் இருக்கிறது. "கீழ நம்பர் நல்லாத்தானே இருக்கு?" என்று கேட்காதீர்கள், அறுபதுக்கு மேல் அதிகம் பயப்பட வேண்டியது மேல் எண்ணுக்குத்தான். நடக்கும்போது தொடையிலும் கெண்டைக்காலிலும் ரத்தம் வேகமாக ஓடுகிறது. அந்த ஓட்டம் குழாயின் உட்சுவரைத் தடவிச் செல்லும்போது, குழாயைத் தளர்த்துகிற ஒரு பொருள் அங்கே சுரக்கிறது. நடந்து முடித்து உட்கார்ந்த பிறகும் பல மணி நேரம் பிரஷர் சற்று இறங்கியே இருக்கும். நாள்தோறும் நடந்தால் அந்த இறக்கம் நிலைக்கிறது. ஏற்கெனவே பிரஷர் உள்ளவர்களுக்கு மேல் எண் 5-லிருந்து 8 வரை குறையலாம்.

"இவ்ளோதானா?" என்று கேட்டார் ஒரு ஆயா. இவ்வளவுதான். ஆனால் மேல் எண் 5 குறைந்தாலே பக்கவாதம், மாரடைப்பு, இதயச் செயலிழப்பு போன்றவை மொத்தத்தில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு குறைகின்றன. மாத்திரையால் பிரஷரைக் குறைத்து நடத்திய பல பெரிய ஆய்வுகளை ஒன்றுசேர்த்துப் பார்த்து 2021-ல் வெளியிட்ட கணக்கு அது. எழுபது வயதைத் தாண்டியவர்களையும் சேர்த்துத்தான் பார்த்தார்கள். நடையோடு மாத்திரையும் சேரும்போதுதான் உங்களுக்கு முழுப் பலன். நடக்கத் தொடங்கிவிட்டேன் என்று மாத்திரையை நீங்களாக நிறுத்தினால் நான் கோபப்படுவேன்.

எவ்வளவு நடப்பது? வாரத்துக்கு 150 நிமிஷம் என்கிறது உலக சுகாதார நிறுவனம். வாரத்தில் ஐந்து நாள், நாளுக்கு அரை மணி. ஒரே மூச்சில் வேண்டாம், காலையில் கால் மணி, சாயங்காலம் கால் மணி என்று பிரித்துக்கொள்ளலாம். இதுவரை நடக்காதவர்கள் ஐந்து நிமிஷத்தில் தொடங்கி வாரம் வாரம் கூட்டிக்கொள்ளுங்கள். கூட வருகிறவரோடு பேச முடிய வேண்டும், பாட்டுப் பாட முடியக் கூடாது, அந்த வேகம் போதும். அரசு 2023 நவம்பரில் சென்னை பெசன்ட் நகரில் தொடங்கிவைத்த 'நடப்போம் நலம் பெறுவோம்' திட்டத்தில் மாவட்டத்துக்கு ஒரு 8 கிலோமீட்டர் நடைபாதை வந்திருக்கிறது. நல்ல திட்டம். ஆனால் 8 கிலோமீட்டர் என்று கேட்டதும் நமக்கில்லை என்று விட்டுவிடாதீர்கள். அறுபது வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு நாளுக்கு ஆறாயிரத்திலிருந்து எட்டாயிரம் அடிக்குள்ளேயே பெரும்பாலான பலன் கிடைத்துவிடுகிறது என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. வீட்டுக்குள் புழங்குகிற அடிகளும் அந்தக் கணக்கில் சேர்த்திதான்.

மணலைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். உங்கள் ஊரில் பாதி வழி மணல். கெட்டித் தரையில் நடப்பதைவிட உதிரி மணலில் நடக்க இரண்டு மடங்குக்கும் மேல் சக்தி செலவாகும். அதனால் மணலில் கால் மணி நடந்துவிட்டு மூச்சு வாங்குகிறது என்றால் கிழமாகிவிட்டோம் என்று கவலைப்பட வேண்டாம். முழங்கால் வலி உள்ளவர்கள் உதிரி மணலை விட்டுவிட்டுச் சிமெண்ட் சாலைக்கு வாருங்கள், அல்லது அலை நனைத்து இறுகிய ஓரமாக நடங்கள். சர்க்கரை உள்ளவர்கள் செருப்பில்லாமல் கரையில் இறங்கவே கூடாது. சிப்பி கீறினால் உங்கள் காலுக்குத் தெரியாது.

நேரம் உங்களுக்கே தெரியும். வெயில் ஏறுவதற்கு முன், அல்லது கடற்காற்று வந்த பிறகு. சித்திரை வைகாசியில் பத்து மணிக்குக் கிளம்பினால் நன்மையைவிடக் கெடுதல் அதிகம், அதுவும் சிறுநீர் போகிற மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு. ஐப்பசி கார்த்திகை மழையில் வழியெல்லாம் தண்ணீர் நிற்கும்போது வீட்டுக்குள்ளேயோ கோயில் மண்டபத்திலோ நடங்கள். மாதா கோயிலோ பள்ளிவாசலோ பக்கத்தில் இருந்தால் அதன் தாழ்வாரமும் போதும்.

இதையெல்லாம்விடப் பெரிய தடை ஒன்று இருக்கிறது, அதைப் பெண்கள்தான் என்னிடம் சொன்னார்கள். கையில் கூடை இல்லாமல், குடம் இல்லாமல் ஒரு பெண் தெருவில் நடந்தால் நாலு பேர் கேட்பார்கள், "எங்க போறே?" என்று. சும்மா நடக்கிறேன் என்று சொல்ல வாய் வருவதில்லை. "வேலைவெட்டி இல்லாம சுத்துறா பாரு" என்று பேச்சு வரும். மகன் முகத்தைச் சுளிப்பான். ஆண்களுக்கும் இது உண்டு. போய்ச் சேர ஓர் இடம் இல்லாமல் நடப்பது அவர்களுக்கும் கூச்சம்தான். கூடை இருந்தபோது யாரும் கேட்கவில்லை. அந்தப் பாரத்தோடு நடந்தது பிழைப்பு, பாரம் இல்லாமல் நடப்பது திமிர் என்று ஊர் நினைக்கிறது. இது மாற வேண்டும், மாற்ற உங்களால்தான் முடியும். தனியாகப் போகாதீர்கள். மகளிர் சுய உதவிக் குழுவில் மாதாமாதம் ஒன்றாக உட்கார்ந்து கணக்குப் பார்க்கிற நீங்கள், அதே நாலைந்து பேராகச் சேர்ந்து சாயங்காலம் டச்சுக் கல்லறை வரை போய்த் திரும்புங்கள். நானூறு வருஷத்துக்கு முன்னால் கடல் கடந்து வந்து இங்கே கோட்டை கட்டினவர்களின் கல்லறைகளைப் பார்க்க எங்கெங்கிருந்தோ ஆட்கள் வருகிறார்கள். உங்களுக்கு அது பக்கத்துத் தெரு. நாலு பேராகப் போனால் யாரும் எதுவும் கேட்க மாட்டார்கள், ஒரு வாரத்தில் ஐந்தாவதாக ஒருத்தி சேர்ந்துகொள்வாள்.

நடை மட்டும் போதாது, கால் வலுவும் வேண்டும். விழுந்து இடுப்பு எலும்பு முறிந்த பெரியவர் மறுபடி தெருவுக்கு வருவது கடினம். நாற்காலியில் கையை ஊன்றாமல் எழுந்து மெல்ல உட்காருங்கள், பத்துத் தடவை. கரையில் ஏற்றி வைத்த படகின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு ஒற்றைக் காலில் நில்லுங்கள், பிறகு மற்றக் கால். வாரத்தில் மூன்று நாள் செய்தால் நல்லது. சுவரில் முதுகைச் சாய்த்து, நாற்காலியில் உட்காருவது போலப் பாதி இறங்கி அப்படியே நிற்கிற பயிற்சியும் இருக்கிறது. பலவகைப் பயிற்சிகளை ஒப்பிட்டு 2023-ல் வந்த ஓர் ஆய்வுத் தொகுப்பு, ஓய்வில் இருக்கும்போதைய பிரஷரை இந்த மாதிரி அசையாமல் தாங்கும் பயிற்சிகள்தான் அதிகம் குறைப்பதாகச் சொன்னது. வலை இழுப்பதும் இறுக்கிப் பிடிப்பதுதானே என்பீர்கள். இது இரண்டே நிமிஷம், நடுநடுவே ஓய்வு, மொத்தம் நாலு தடவை, வாரத்தில் மூன்று நாள். மூச்சை அடக்கக் கூடாது. பிரஷர் கட்டுக்குள் உள்ளவர்கள் மட்டும், மருத்துவரைக் கேட்டுவிட்டு, அரை நிமிஷத்தில் தொடங்குங்கள். முழங்கால் தேய்ந்தவர்களுக்கு வேண்டாம்.

கருவாட்டுக்கு வருகிறேன். கருவாடு சாப்பிடாதீர்கள் என்று கரையூரில் போய்ச் சொல்ல எனக்கு மனசில்லை. மழைக்காலத்தில் வேறு என்ன இருக்கும் வீட்டில்? ஆனால் உப்புப் போட்டுக் காயவைத்த மீனில் எடையில் பத்தில் ஒரு பங்கு உப்பாகவே இருப்பது சாதாரணம். ஒரு நாளைக்கு ஒருவருக்கு 5 கிராம் உப்புக்கு மேல் வேண்டாம் என்பது கணக்கு. ஐம்பது கிராம் வாளைக் கருவாட்டிலேயே அது முடிந்துவிடும், குழம்புக்கும் சோற்றுக்கும் போட்டது தனி. வெந்நீரில் ஊறவைத்து அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, இன்னொரு தடவை அலசிச் சமையுங்கள், குழம்பில் தனியாக உப்புப் போடாதீர்கள். உப்பில்லாமல் வெறும் வெயிலில் காய்ந்த நெத்திலியும் சென்னாகுனியும் உங்கள் ஊரிலேயே கிடைக்கும், அதை வாங்குங்கள். இந்துப்பு நல்லது என்று யாரோ சொல்லி வாங்கி வைத்திருக்கிறீர்கள், பிரஷருக்கு அதுவும் உப்புதான். பீடியையும் பாட்டிலையும் பற்றி உங்கள் மனைவிமார் தினமும் சொல்வதற்கு மேல் நான் சொல்ல ஒன்றுமில்லை, அவர்கள் சொல்வது சரி.

சில நாள் நடக்கக் கூடாது. பிரஷர் 180-க்கு 110-ஐத் தாண்டியிருந்தால் முதலில் ஆரம்ப சுகாதார நிலையம், பிறகு நடை. காய்ச்சல், வயிற்றுப்போக்கு இருந்தால் வீட்டில் இருங்கள். நடக்கும்போது நெஞ்சை அடைத்தாலோ, இடது தோளுக்கோ தாடைக்கோ வலி ஓடினாலோ, கண் இருட்டினாலோ அங்கேயே உட்காருங்கள், குறையாவிட்டால் 108-ஐக் கூப்பிடுங்கள். வாய் கோணினாலோ, ஒரு பக்கம் கை விழுந்தாலோ, பேச்சுக் குழறினாலோ, சரியாகிவிடும் என்று காத்திருக்காமல் 108-ஐக் கூப்பிடுங்கள். படுக்கையிலிருந்து எழும்போது தலை சுற்றுகிறது என்றால் மாத்திரையை விடாதீர்கள், என்னிடம் சொல்லுங்கள். உட்கார்ந்து ஒரு தடவை, நின்று ஒரு தடவை என்று அளந்து பார்த்து மருத்துவர் மாற்றிக் கொடுப்பார்.

ஊர்ப் பஞ்சாயத்தாரும் இதைப் படிப்பார்கள் என்று நம்புகிறேன். ஏரியில் யாருக்கு எந்த நாள் பாடு என்று சண்டையில்லாமல் முறை வைத்து நடத்துகிறவர்கள் நீங்கள். பெரியவர்கள் நடக்கிற ஒரு வழியை முடிவு செய்து, அதில் கிடக்கும் வலைக்குப்பையையும் கண்ணாடிச் சில்லையும் அப்புறப்படுத்தி, இருட்டுகிற இடத்தில் ஒரு விளக்குப் போட்டு, நடுவில் உட்கார இரண்டு பெஞ்சு போட உங்களுக்கு ஒரு கூட்டம் போதும். பெஞ்சு முக்கியம். நடுவழியில் உட்கார இடமில்லை என்ற பயத்தில்தான் பாதிப் பேர் கிளம்புவதே இல்லை.

அடுத்த மாதம் மாத்திரை வாங்க வரும்போது அட்டையை எடுத்து வாருங்கள். பிரஷர் எண்ணுக்குப் பக்கத்தில் ஒரு கட்டம் போட்டு, அந்த வாரம் எத்தனை நாள் நடந்தீர்கள் என்று கேட்டு எழுதுவேன். நடக்கவில்லை என்றால் நடக்கவில்லை என்றே சொல்லுங்கள், ஏன் முடியவில்லை என்று பேசலாம். காலில் வீக்கம் இருந்தால் அதையும் அன்றைக்கே காட்டுங்கள். பிரஷருக்குச் சாப்பிடுகிற சில மாத்திரைகளே அதைக் கொண்டுவரும், நடையால் வந்தது என்று நினைத்து நடையை நிறுத்திவிடாதீர்கள்.

உங்கள் பிரஷர் பார்க்க வரும் செவிலி